நாகலூர் பஸ்ஸில் ஒரு துப்பறிவாளர்

"எப்பப் பார்த்தாலும் துப்பறியற படமாவே பாக்கறியே, ஒரு தடவை உருப்படியாத் துப்பறிஞ்சுட்டுத்தான் வாயேன்" என்று அக்கா சொன்னபோது, கேலி என்று நினைத்துக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் ஏற்காட்டுக்குப் போவது முடிவாகியிருந்தது.

அக்கா மகள் நித்யாவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சரவணன். விவசாயம் படித்துவிட்டு, ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில் சொந்தக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். தாத்தா காலத்தில் சமவெளியிலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலையேறிய குடும்பம். எங்களுக்கும் பூர்வீகம் சேலம் அம்மாபேட்டைதான் என்பதால், அங்கிருக்கும் உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். பெண் பார்த்தாகிவிட்டது. இரண்டும் போனில் மணிக்கணக்காகப் பேசுகின்றன. குடி கிடி உண்டா, வேறு தொடர்பு ஏதும் உண்டா என்று ஊருக்குள் போய் விசாரித்து வர ஓர் ஆள் வேண்டும். மாமா காலமாகிவிட்டார். மிச்சம் இருப்பது மாடியில் குடியிருக்கும் தங்கை, கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத நான்தான்.

இந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி கறுப்பு வெள்ளைப் படங்கள். தொப்பியை நெற்றிவரை இறக்கிக்கொண்டு, மழையில் தெருவிளக்கின் கீழ் நின்று எதிர்வீட்டு மாடியையே பார்த்துக்கொண்டிருப்பாரே ஒரு தனியார் துப்பறிவாளர், அவர்தான் என் ஆள். அவர் அமெரிக்கராக இருந்தாலும் சரி, நம்மூர் கிளப் டான்ஸை ரசிக்கிற சாக்கில் எதிரியை நோட்டம் விடும் சி.ஐ.டி.யாக இருந்தாலும் சரி. ஜன்னல் சட்டங்களின் நிழல் கோடுகோடாக முகத்தில் விழுந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புரொஜெக்டரைத் தட்டிக்கொட்டி ஓடவைத்து, சென்னையில் என்னைப் போலவே வேலையற்ற நாலு பேருக்குப் படம் காட்டுவேன். நித்யா மட்டும் இருக்கமாட்டாள். மிஷின் ஓடத் தொடங்கியதும் எழுந்து கீழே ஓடிவிடுவாள். கலர் இல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பின்னாலேயே கத்துவேன்.

சேலத்தில் பஸ் ஏறினேன். முதல் அதிர்ச்சி அடிவாரத்திலேயே கிடைத்தது. நாகலூருக்கு எங்கே மாற வேண்டும் என்று கண்டக்டரிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"ஏற்காட்டுல ஒண்டிக்கடை ஸ்டாப்புல எறங்கி மாறிக்கோங்க. மாப்பிள்ள விசாரிக்கப் போறீங்களாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"சொல்லோணுமுங்களா? டூரிஸ்ட்டுனா ஏரியக் கேப்பாங்க. இந்த வயசுல ஒத்தையா ஒரு அம்மா நாகலூரக் கேட்டா, ஒண்ணு கணக்கெடுக்கற டீச்சரு, இல்லாட்டி கல்யாண விசாரிப்பு. டீச்சருன்னா கையில பெரிய ரெஜிஸ்டரு இருக்குமுங்க." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த பெண் "எந்த ஊட்டுப் பையனுங்க?" என்று ஆவலாகத் திரும்பினாள். தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

தூங்கத்தான் முடியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப என் வயிறு எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. இத்தனை படங்களில் எந்தத் துப்பறிவாளரும் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்ததில்லை. நான் எடுத்தேன். பாதி வழியில் ஒரு லாரி அச்சு முறிந்து குறுக்கே நிற்க, எல்லோரும் இறங்கிக் காலாற நின்றோம். சேலத்தில் ஆசையாகப் பொட்டலம் கட்டி வாங்கிய தட்டுவடை செட்டை மதில்மேல் வைத்தேன். ஒரு குரங்கு வந்து, இரண்டு தட்டைகளுக்கு நடுவில் இருந்த சட்னியையும் காரட் துருவலையும் விரலால் வழித்து எறிந்துவிட்டு, தட்டையை மட்டும் தின்றது. சட்னி பிடிக்காத குரங்கைச் சேலத்தில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

ஏற்காட்டில் அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றேன். பனி இறங்கி, படகுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விளக்குக் கம்பத்தடியில் மழைக்கோட்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். "ஏனுங்க, டாய்லெட் அந்தப் பக்கமுங்க" என்று ஒருவர் கைகாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நாகலூர். பஸ்ஸை விட்டு இறங்கினால் காப்பி வாசனையும் காப்பிப் பழத்தோல் நாற்றமும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன. அறுவடைக் காலம். சாலையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அதில் மிளகுக்கொடி, கீழே காப்பி. ஸ்டாப்பை ஒட்டி ஒரு டீக்கடை. நெஞ்சு நிறைய ஆசையோடு ஸ்ட்ராங்காக ஒரு காப்பி கேட்டேன்.

"காப்பி இல்லீங்க. டீதான்."

"சுத்தி எல்லாம் காப்பிதானே இருக்கு?"

"அதெல்லாம் கீழ போயிருமுங்க. இங்க யாரு குடிக்கறா?"

இந்த அநியாயத்தைச் சென்னையில் சொன்னால் நம்பமாட்டார்கள். டீயை வாங்கிக்கொண்டு, தோட்டம் வாங்க வந்தவள்போலப் பேச்சை ஆரம்பித்தேன். மண் எப்படி, மழை எப்படி, இங்கே சரவணன் என்று ஒருவர் தோட்டம் வைத்திருக்கிறாராமே என்று மெல்ல வளைத்துக்கொண்டு வந்தேன். கடைக்காரர் டீயை ஆற்றியபடியே சிரித்தார்.

"பையன் நல்ல பையனுங்க. பீடி சிகரெட் கெடையாது. அவங்கம்மா பழனியம்மா தங்கமான மனுசி. போதுங்களா?"

"கெட்டது ஒண்ணுமே இல்லையா?"

"கல்யாண விசாரிப்புக்கு வந்தவங்ககிட்ட நல்லதுதானுங்க சொல்லுவோம். கெட்டது கேக்கோணும்னா நேரா அவங்க ஊட்டுக்கே போயிக் கேளுங்க. அதா, மாப்பிள்ளையே வாராரு பாருங்க!" என்று சாலைப் பக்கம் கை நீட்டினார். உரக்கத்தான் சொன்னார்.

டீ கிளாஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீலச் சட்டை, நல்ல உயரம், பெண் பார்க்க வந்தபோது பார்த்த அதே முகம். அவன் என்னைக் கவனிக்கவில்லை. ஏற்காடு போகிற பஸ்ஸில் ஏறினான். நானும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பின்வாசலில் ஏறினேன்.

அவன் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தான். வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். சில இடங்களில் கண்ணை இறுக மூடுவான், திறப்பான், சட்டென்று திரும்பி வந்த வழியைப் பார்ப்பான். ஏற்காடு வந்ததும் இறங்கினான். கடைகண்ணிக்குப் போகவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அதே பஸ் திரும்பும்வரை நின்றிருந்து மறுபடி ஏறி, இப்போது வலப்பக்கம் உட்கார்ந்தான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுவரை பார்த்த படங்களெல்லாம் ஒன்றாகக் கண்முன் ஓடின. ஓர் ஆள் வேலையில்லாமல் பஸ்ஸில் போய் வருகிறான் என்றால் யாருக்காகவோ காத்திருக்கிறான் என்று அர்த்தம்.

கண்டக்டரிடம் குனிந்து மெல்லக் கேட்டேன்.

"அட, அதையேன் கேக்கறீங்க! மோட்டார் பைக்கு ஊட்டுல சும்மா நிக்குது. இவரு பஸ்ஸுல போறாரு, வாராரு. ஒரு நாளைக்குக் காத்தால வருவாரு, ஒரு நாளைக்கு உச்சி வெயில்ல வருவாரு. நொம்ப நாளா இதே கதைங்க. என்னன்னு கேட்டாச் சிரிக்கறாரு."

மேலே என்ன வேண்டும்? பஸ்ஸில் ஏறும் பெண்களை ஒவ்வொருத்தியாக நோட்டம் விட்டேன். பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு நர்ஸ் மேல் சந்தேகம் விழுந்தது. நித்யாவின் முகம் நினைவுக்கு வந்தது. பையனோடு பேசும்போது அந்தப் பெண் அடையும் சந்தோஷத்தை நான் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். ஏற்காட்டில் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து, பொம்பளை விவகாரம்போலத் தெரிகிறது என்றேன். "நல்லாத் தெரிஞ்சுக்காம எதுவும் பேசிடாதே" என்றாள்.

அடுத்த நாள் டீக்கடையில் எனக்குத் தகவல் காத்திருந்தது. "பழனியம்மா உங்கள மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிச்சுங்க." நான் வந்தது, தங்கியது, பஸ்ஸில் போய் வந்தது எல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அதிர்ந்து அதிர்ந்து எனக்கே அலுத்துவிட்டது.

வாசலில் சிமெண்டுக் களம், அதில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வராத பழனியம்மாவை அன்றுதான் பார்த்தேன், மெலிந்த, விறைப்பான அம்மாள். "வாங்க, வாங்க. நித்யாவோட சித்திதானுங்களே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இலைபோட்டாள். ராகிக் களி, மொச்சைக் குழம்பு, கீரைக் கடைசல். களியைக் குழித்துக் குழம்பை ஊற்றி வாயில் போட்டால் மெல்லாமலே இறங்கியது. சென்னையில் ஓட்ஸ் கரைத்துக் குடிக்கும் எனக்கு இது விருந்து. சரவணன் தோட்டத்தில் இருந்தான். நான் பாதி சாப்பிட்டிருந்தபோது, கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. புள்ளைக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடுங்க."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நித்யாவுக்கா? நல்லா கேட்டீங்க. ஒரு தலைவலின்னுகூட அவ படுத்ததில்லைங்க" என்றேன், வாயில் களியோடு.

பழனியம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். பிறகு "சரிங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அதன்பின் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. கை கழுவி வந்தபோது, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள். வரும்போது இருந்த முகம் இல்லை. என்ன பிசகு என்று எனக்கு விளங்கவில்லை.

வாசலில் சரவணன் எதிர்ப்பட்டான். ஸ்டாப்வரை துணைக்கு வருவதாகச் சொன்னான். தனியாகச் சிக்கிய சந்தேக ஆசாமியை எந்தத் துப்பறிவாளர் விடுவார்? சாலைக்கு வந்ததும் பட்டென்று கேட்டேன்.

"தம்பி, தினமும் பஸ்ஸுல யாரைப் பார்க்கப் போறீங்க?"

திகைத்துப் போனான். காது சிவந்தது. "யாரையும் இல்லீங்க. வெயிலப் பாக்கத்தானுங்க."

"வெயிலையா?"

"இந்த ரோட்டுல மரத்துக்கு நடுவுல வெயில் விட்டு விட்டு அடிக்குதுங்களே. பஸ்ஸு ஓடறப்ப வெளிச்சம் கண்ணுல வெட்டி வெட்டி விழுகும். நித்யாவுக்கு அது ஆகாதுங்க. எந்த நேரத்துல, எந்தப் பக்கம் ஒக்காந்தா அடிக்காதுன்னு பாத்துட்டு இருக்கறேனுங்க. அவங்க இங்க வந்து போகோணுமில்லீங்களா?"

நான் நின்றுவிட்டேன். "ஏன் ஆகாது?"

இப்போது அவன் அதிர்ந்தான். "உங்களுக்குத் தெரியாதுங்களா? ஃபிட்ஸ் வருமுங்களே. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப வந்துச்சாம். மாத்திரை சாப்பிட்டா வர்றதில்ல. வெளிச்சம் மின்னி மின்னி அடிச்சாத்தான் பயமாம். போன்ல பேச ஆரம்பிச்ச அன்னிக்கே சொல்லிட்டாங்க."

அங்கே கிடந்த மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் புரொஜெக்டர். டக்டக்கென்று விட்டுவிட்டு அடிக்கும் அந்த வெளிச்சம். ஞாயிறு தவறாமல் அந்தப் பெண் எழுந்து கீழே ஓடியது படம் பிடிக்காமல் இல்லை. உயிருக்குப் பயந்து ஓடியிருக்கிறாள். நான் மாடியிலிருந்து கத்திக் கேலி செய்திருக்கிறேன். சிகரெட் சாம்பலைப் பார்த்துக் கொலைகாரனைச் சொல்லுகிறவள் நான். ஒரே வாசலில் புழங்கும் பிள்ளையை நான் பார்க்கவே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. நான்தான் சொன்னேன். நோய்க்கெல்லாம் அம்மா பயப்படலீங்க. ஆனா, எங்கப்பாவுக்கு நெஞ்சு நோவு இருந்தத மறைச்சுத்தான் அம்மாவக் கட்டி வெச்சாங்களாம். அதுலருந்து, விசாரிக்க வந்தவங்களச் சாப்பிட ஒக்கார வெச்சுத்தான் எங்க ஊட்டுல கேப்பாங்க. சோத்துல கை இருக்கறப்ப பொய் சொல்லக் கூடாதும்பாங்க. ஒருக்காத்தான் கேப்பாங்க." தலையைக் குனிந்துகொண்டான். "பொண்ணு ஊட்டுல அவங்களாச் சொன்னாக் கல்யாணம், மறைச்சா வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. நீங்க என்னங்க சொன்னீங்க?"

ஒரு தலைவலிகூட வந்ததில்லை என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவனிடம் இதைத் திருப்பிச் சொல்ல நாக்கு எழவில்லை. ஆனால் அவன் புரிந்துகொண்டான். பஸ் வந்து, ஹார்ன் அடித்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளை விசாரிக்க வந்து ஒரு கல்யாணத்தையே நான் முறித்துவிட்டேன்.

திரும்ப நடந்தேன். பழனியம்மா களத்தில் காப்பியைத் துழாவிக்கொண்டிருந்தாள். "எனக்குச் சத்தியமா இப்பத்தாங்க தெரியும்" என்றேன்.

"ஒரே ஊட்டுல மேல இருக்கறீங்க. தெரியாதுங்கறீங்க. நம்பச் சொல்றீங்களா?" துழாவுவதை அவள் நிறுத்தவில்லை.

அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. ஆத்திரத்தில் அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டேன். களத்தின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைத்தது. அதுவும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"நித்யாவுக்கு ஃபிட்ஸ்னு ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

அந்தப் பக்கம் அக்கா ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்" என்றாள் அக்கா. "தெரியாதவ சொன்னாத்தான் நம்புவாங்க. அதுக்காகத்தான் உன்னை அனுப்பினேன்."

துப்பறிவாளரை வேலைக்கு அமர்த்தும் ஆள்தான் எப்போதும் உண்மையை மறைப்பார். இந்தப் படங்கள் அத்தனையும் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். அந்த ஆள் என் கூடப்பிறந்தவளாக இருப்பாள் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"நான் மட்டும் ஆசைப்பட்டா மறைச்சேன்? முதல்ல வந்த இடத்துல ஒண்ணுவிடாம சொன்னேன்டீ. மறுநாளே வேண்டாம்னுட்டாங்க. அடுத்த இடத்துலயும் சொன்னேன். அவங்க சொந்தத்துல ஒரு பொம்பளை இவளைக் கோயில்ல பார்த்துட்டு, அந்த வலிப்புக்காரப் பொண்ணா இதுன்னு இவ முன்னாலயே கேட்டா. உன்கிட்ட மட்டும் ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லி வெச்சேன். வீட்டுக்கு வந்து நித்யா என்கிட்ட கேட்டா, இனிமே யாருக்கும் சொல்லாம இருக்கலாமாம்மான்னு. பெத்தவ நான் என்ன பண்ணுவேன்? இந்தப் பையனைப் பத்திப் பேசினா அவ சிரிக்கறா. இதுவும் போச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த அழுகை களம் முழுக்கக் கேட்டது. பழனியம்மாவின் கை எப்போது நின்றது என்று தெரியவில்லை. துழாவுகட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் என் கையிலிருந்த போனை வாங்கினாள். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பேசினாள்.

"ஏனுங்க, நான் சரவணனோட அம்மா பேசறேனுங்க."

அக்காவின் அழுகை அப்படியே அறுந்தது.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானுங்க நிக்கறேன். அழுவாதீங்க. புள்ள எங்க பையன்கிட்ட மொதல்லயே சொல்லிருச்சுங்க. எனக்கு ஒங்க வாயால வந்தாப் போதுமுங்க, வந்துருச்சு. புள்ளையக் கூட்டிக்கிட்டு நம்ம ஊட்டுக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க சம்மந்தி."

சரவணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சிக்னல் போய்விட்டதோ என்று பழனியம்மா கையை இன்னும் உயர்த்தினாள். அம்மாபேட்டையை விட்டு வந்தபின் அக்கா வாயிலிருந்து நான் கேட்டேயிராத எங்கள் ஊர்ப் பேச்சில் பதில் வந்தது.

"வர்றோமுங்க."